எண் போடக் காத்திருக்கும் புத்தகங்கள்

நூலகர் அவர்களுக்கும், புத்தகத் தேர்வுக் குழுவினருக்கும், வாசகர் வட்டத்தாருக்கும் வணக்கம்.

இந்த முறை வந்திருக்கும் புதிய புத்தகங்களின் பட்டியலை அறிவிப்புப் பலகை முன்னால் நின்று முழுவதும் படித்தேன். தேர்ந்தெடுத்தவர்களுக்கு நல்ல கண் இருக்கிறது. சிறுவர் படக்கதைகள் இத்தனை ஒருசேர வந்து நான் பார்த்ததில்லை. பார்வை மங்கியவர்களுக்காகப் பெரிய எழுத்தில் அச்சிட்டவையும் சில இருக்கின்றன. அதற்குத் தனியாக நன்றி, எனக்கே சீக்கிரம் தேவைப்படும். சரி, பாராட்டை இங்கே நிறுத்திக்கொள்கிறேன். எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக.

போன சனிக்கிழமை கதை நேரத்துக்குப் பேத்தியை அழைத்து வந்திருந்தேன். கதை சொன்னவர் அருமையாகச் சொன்னார். புதிதாக வந்த படக்கதை ஒன்றைப் பக்கம் பக்கமாகத் திருப்பிக் காட்டி, யானைக்கு ஒரு குரல், எறும்புக்கு ஒரு குரல் என்று அமர்க்களம். முடிந்ததும் பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை மொய்த்துக்கொண்டார்கள். ஒரு சிறுமி அதை நெஞ்சோடு அணைத்தபடியே இரவல் மேசைக்குப் போனாள். “இது நிகழ்ச்சிக்காக எடுத்தது பாப்பா, இன்னும் எண் போடலை, தர முடியாது” என்று பதில் வந்தது. புத்தகம் கண்ணாடி அலமாரிக்குத் திரும்பியது, அலமாரி பூட்டப்பட்டது. அந்தச் சிறுமி அழவில்லை. அடம்பிடித்து அழுதிருந்தால் அடுத்த வாரமும் வருவாள் என்று நம்பியிருப்பேன். தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் போய்விட்டாள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

மேசையில் இருந்தவர் மீது எனக்கு வருத்தமில்லை. எண் போடாத புத்தகத்தை வெளியே விட்டால் நாளைக்குக் கணக்கு அவர் தலையில்தான் விடியும். விலைப்பட்டியலோடு சரிபார்த்து, வரவுப் பதிவேட்டில் ஏற்றி, முத்திரை குத்தி, எந்தத் துறை நூல் என்று காட்டும் பகுப்பு எண் கொடுத்து, முதுகில் சீட்டு ஒட்டி, கணினியிலும் சேர்த்த பிறகுதான் ஒரு புத்தகம் அடுக்குக்கு வர முடியும். இருப்பதோ இரண்டு பேர். அதெல்லாம் புரிகிறது. ஆனால் வந்த கட்டு முழுவதையும் முடித்துவிட்டு ஒரே நாளில்தான் வெளியே வைக்க வேண்டும் என்று யார் சொன்னது? இருபது இருபதாக முடித்து வாரம் ஒருமுறை வைக்கலாமே. சிறுவர் புத்தகங்கள் முதலில் வரட்டும். பகுப்பு எண் கொடுப்பது படித்துத் தேர்ந்தவர் வேலை, அதில் நாங்கள் தலையிடக் கூடாது. சீட்டு ஒட்டவும் உறை போடவும் எங்களைப் போன்றவர்களின் கை போதும்.

அப்படி என்ன அவசரம் என்று கேட்பீர்கள். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் 1969இல் வாங்கிய புத்தகங்களுக்கு என்ன ஆனது என்று ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள். அவற்றில் சுமார் 40 சதவீதத்தை முதல் ஆறு ஆண்டுகளில் ஒருவர்கூட இரவல் எடுக்கவில்லை. முதல் இரண்டு ஆண்டுகள் வெளியே போகாத புத்தகம், அதற்குப் பிறகு எப்போதாவது போவதற்கு நாலில் ஒரு வாய்ப்புதான். ஆறு ஆண்டும் அப்படியே கிடந்துவிட்டால் ஐம்பதில் ஒன்று. 1979இல் வெளியான இந்தக் கணக்குப் பல்கலைக்கழகத்துக்கானது, பொது நூலகத்துக்கு அப்படியே பொருந்தாது. ஆனாலும் புத்தகத்துக்கும் ஓர் இளமை உண்டு என்று அதைப் படித்தபோது தோன்றியது. நம்மிடம் வருபவை அந்த இளமையில் பாதியைக் கண்ணாடிக்குப் பின்னால் கழிக்கின்றன.

உங்களிடம் எஸ்.ஆர். இரங்கநாதனைப் பற்றிப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது போலத்தான். கணிதப் பேராசிரியராக இருந்து 1924இல் நூலகராக மாறியவர், 1931இல் ஐந்து விதிகளை வகுத்துக் கொடுத்தார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதல் விதி. அதை விளக்க அவர் ஐரோப்பாவின் பழைய நூலகங்களைக் காட்டுகிறார். அங்கே புத்தகங்களை அடுக்கோடு சேர்த்துச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தார்கள். நம் அலமாரிப் பூட்டு அந்தச் சங்கிலிக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம் என்றுதான் நினைக்கிறேன்.

அவருடைய மூன்றாம் விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது. நம் நிகழ்ச்சிகளை அந்த விதியை வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்கிறேன். மேடை, ஒலிபெருக்கி, சிறப்பு விருந்தினர், நிழற்படம், அப்புறம் நாற்காலிகளை மடக்கி வைப்பது. எத்தனை பேர் வந்தார்கள் என்று எழுதி வைக்கிறோம். அன்று எத்தனை புத்தகம் இரவல் போனது என்று அதன் பக்கத்திலேயே எழுதத் தொடங்கினால் சங்கடமாகத்தான் இருக்கும், ஆனால் எழுதத்தான் வேண்டும். வானியல் பற்றி ஒருவர் பேசுகிறார் என்றால் துறைவாரியாக நூல்களுக்கு எண் தரும் டியூயி பகுப்பில் வானியலுக்குரிய 520 வரிசையில் நம்மிடம் உள்ள எல்லாவற்றையும் கூடத்தின் வாசலில் ஒரு மேசை போட்டு, அட்டை தெரியும்படி வையுங்கள். இரவல் பதிவேடும் அங்கேயே இருக்கட்டும். பேச்சைக் கேட்டு வெளியே வருகிறவருக்கு அந்தப் பத்து நிமிடம் இருக்கும் ஆர்வம் மறுநாள் இருக்காது.

வாசகர் வட்டத்துக்கும் இதே நோய்தான். ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேச இருபது பேர் கூடுகிறோம், நூலகத்தில் இருப்பது ஒரே படி. படித்தவர் ஒருவர் பேசுகிறார், படிக்காத பத்தொன்பது பேர் கருத்துச் சொல்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தலைப்பையாவது ஐந்து படிகள் வாங்குங்கள். அதற்காக நாலு தலைப்புகள் குறைந்தாலும் பரவாயில்லை. தேர்வுக் குழுவில் இதை ஏற்காதவர்கள் இருப்பார்கள். அவர்களோடு ஒரு நாள் உட்கார்ந்து சண்டை போடத் தயார்.

மேடையே இல்லாத நிகழ்ச்சிகளும் உண்டு. 2000ஆம் ஆண்டு டென்மார்க்கில் தொடங்கிய மனித நூலகம் எனக்கு மிகவும் பிடித்த யோசனை. புத்தகத்துக்குப் பதிலாக ஒரு மனிதரையே கொஞ்ச நேரம் இரவல் எடுத்து, எதிரில் உட்கார்ந்து அவர் வாழ்க்கையைக் கேட்கலாம். பார்வையற்றவர், அகதியாக வந்தவர், இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் என்று யார் வேண்டுமானாலும் ‘நூல்’ ஆகலாம். செலவென்று பெரிதாக எதுவும் இல்லை. நாற்காலிகள்தான் இருக்கின்றனவே.

நூலகத்துக்கு வரவே முடியாதவர்களும் இருக்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கும் மருத்துவமனையில் கிடப்பவர்களுக்கும் தனிச் சேவை வேண்டும் என்று யுனெஸ்கோவின் பொது நூலக அறிக்கை 1994இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பெரிய எழுத்துப் புத்தகங்களில் பாதியாவது படுக்கையில் இருப்பவர்களைத் தேடிப் போக வேண்டியவை. கொண்டுபோய்க் கொடுக்க ஆள் தேவையென்றால் சொல்லுங்கள்.

பரிந்துரைப் பதிவேட்டில் நான் எழுதிய மூன்று தலைப்புகளுக்கு இதுவரை ஒரு பதிலும் வரவில்லை. ‘வாங்கினோம்’, ‘வாங்கவில்லை, காரணம் இது’ என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும், கோபித்துக்கொள்ள மாட்டேன். இன்னொன்று, கூடத்தில் நிகழ்ச்சி நடக்கும்போது தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்கலாம் என்பதைத் தவிர அதற்கு என்னிடம் வேறு வழியில்லை.

வரும் சனிக்கிழமை காலை நூலகம் திறக்கும்போதே கத்தரிக்கோலும் பசையுமாக வாசலில் நிற்பேன். வாசகர் வட்டத்திலிருந்து இன்னும் மூன்று பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் இருபதில் அந்த யானை, எறும்புப் புத்தகத்தையும் சேர்த்து வையுங்கள். கதை நேரம் முடிவதற்குள் அதற்கு எண் போட்டுவிடலாம்.

இப்படிக்கு,
இரவல் பிரிவின் நெடுநாள் உறுப்பினர் ஒருவர்