கொட்டிவிடாதே, கண்ணு

அன்புள்ள கண்ணு,

நேற்று இரவு நீ தொலைபேசியை வைத்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. செடியின் சிறு ஆர்.என்.ஏ. துண்டுகளைப் படிக்க இரண்டு வாரம் உழைத்து அனுப்பிய மாதிரியில் வந்ததெல்லாம், அவற்றின் நுனிகளில் நாம் ஒட்டும் செயற்கைத் துண்டான அடாப்டர் மட்டும்தான் என்று சொன்னபோது உன் குரல் உடைந்திருந்தது. ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை, கேள்விகள்தான் வந்தன. அவற்றை நிதானமாக எழுதுகிறேன்.

இலையிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தது எந்த முறையில்? சிலிக்கா சவ்வு வைத்த வழக்கமான கிட் என்றால் கோளாறு அங்கேயே தொடங்கியிருக்கலாம். 200 எழுத்துக்கு (ஆர்.என்.ஏ. சங்கிலியின் ஒரு கண்ணி ஓர் எழுத்து) குறைந்த துண்டுகளை அந்தச் சவ்வு பெரும்பாலும் பிடித்துவைக்காது. நீ தேடுவதோ 21, 24 எழுத்துத் துண்டுகள். அவை கழுவிய நீரோடு போய்விட்டால், ஒட்டிக்கொள்ள ஆள் இல்லாத அடாப்டர்கள் தங்களுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும்.

நான் ஆய்வு மாணவியாக இருந்த 1990களின் தொடக்கத்தில் ஆர்.என்.ஏ.வைப் படியவைக்க லித்தியம் குளோரைடு உப்பைச் சேர்த்து இரவு முழுவதும் குளிரில் வைப்போம். மறுநாள் சுழற்றி எடுத்தால் குழாயின் அடியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். அதுதான் எங்களுக்கு ஆர்.என்.ஏ. மேலே நிற்கும் தெளிந்த நீரைத் தொட்டியில் சாய்த்துவிடுவோம். சிறு ஆர்.என்.ஏ. லித்தியம் குளோரைடில் சரியாகப் படியாது, மேல்நீரிலேயே நின்றுவிடும் என்று பல ஆண்டுகள் கழித்துப் படித்தபோது எனக்கு நெஞ்சு பதறியது. எத்தனை குழாய்களைச் சாய்த்திருப்பேன்!

பெட்டூனியா பூவின் புதிர் எல்லோரையும் குடைந்துகொண்டிருந்த காலம் அது. 1990இல் அமெரிக்காவில் நப்போலி, ஜோர்கென்சன் குழுவினர், ஊதா நிறத்துக்குத் தேவையான சால்கோன் சின்தேஸ் மரபணுவின் இன்னொரு படியைச் செடிக்குள் நுழைத்தார்கள். நிறம் கூடும் என்று காத்திருந்தவர்களுக்கு வெள்ளைப் பூவும், ஊதாவில் வெள்ளை வரி ஓடிய பூவும் கிடைத்தன. நுழைத்த மரபணுவோடு செடியின் சொந்த மரபணுவும் சேர்ந்து அடங்கிப்போயிருந்தது. எது அடக்கியது என்பதற்கு 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் நாரிச் நகரில் ஹாமில்டனும் பால்கோமும், மரபணு அடங்கிய செடிகளில் மட்டும் சுமார் 25 எழுத்து நீள ஆர்.என்.ஏ. துண்டுகள் இருப்பதைக் காட்டினார்கள். அது ஒன்றல்ல, 21ஐ ஒட்டி ஒன்று, 24ஐ ஒட்டி ஒன்று என இரண்டு வகை என்பது பிறகு தெளிந்தது. நாங்கள் தொட்டியில் சாய்த்தது அதைத்தான்.

இப்போது துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லுக்கு வா. அடாப்டர் ஜோடியின் பட்டைக்கும் உனக்கு வேண்டிய பட்டைக்கும் இடைவெளி இருபத்துச் சொச்சம் எழுத்துதான். ஜெல்லை அவசரமாக ஓட்டினால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். மெதுவாக ஓட்டு, புது பிளேடால் மெல்லிய கீற்றாக வெட்டு. இன்னொன்று: தாவரங்களில் சிறு ஆர்.என்.ஏ.யின் வால் நுனியில் ஹென்1 என்ற நொதி மெத்தில் என்ற சிறு வேதித்தொகுதியைப் பூட்டிவைக்கும். சிதையாமல் காக்கும் அந்தப் பூட்டே அடாப்டர் ஒட்டுவதையும் மந்தமாக்கும். விலங்குச் செல்லுக்கு எழுதிய ஒரு மணி நேரக் கணக்கை நம்பாதே. 16 டிகிரியில் இரவு முழுவதும் விடு.

கணினி வேலையைப் பற்றி நீ சொன்ன ஒன்று எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மரபணுத்தொகுதியில் ஒரே இடத்தில் பொருந்தும் துண்டுகளை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடப்போவதாகச் சொன்னாய். வேண்டாம் கண்ணு. 24 எழுத்துத் துண்டுகளில் பெரும்பங்கு, இடம் மாறித் தாவும் மரபுக்கூறுகளிலிருந்தும் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளிலிருந்தும் பிறப்பவை. அவை பல இடங்களில் பொருந்தத்தான் செய்யும். அதே பகுதிகளில் டி.என்.ஏ. மீது மெத்திலை ஏற்றி அடக்கிவைப்பதே அவற்றின் வேலை. அவற்றை நீக்கினால், நாங்கள் தொட்டியில் கொட்டியதை நீ கணினியில் கொட்டுகிறாய். பென் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆக்ஸ்டெல் உருவாக்கிய ஷார்ட்ஸ்டாக் மென்பொருள், பல இடங்களில் பொருந்துபவற்றையும் கணக்கில் வைத்துக்கொள்ள வழி தருகிறது. அதைப் பார்.

நம் ஆத்தூர்ப் பக்கம் இந்த ஆண்டும் குச்சிக்கிழங்கில் தேமல் நோய். நேற்று வயலுக்குப் போயிருந்தேன். ஒரே செடியில் கீழ் இலைகள் மஞ்சள் திட்டுத் திட்டாகச் சுருங்கிக் கிடக்க, மேலே புதிதாக விரிந்த இலை ஏறக்குறைய முழுப் பச்சை. காம்பைப் பிடித்து வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தேன்; நரம்போரத்தில் மட்டும் மங்கலாக ஒரு வெளிறல். தேமலைத் தரும் வைரஸையும் செடி சிறு ஆர்.என்.ஏ. கொண்டுதான் அடக்கப் பார்க்கிறது. வெப்பம் கூடினால் இந்த அடக்கும் வேலை வலுக்கும் என்பதும், 15 டிகிரிக் குளிரில் சிறு ஆர்.என்.ஏ.யே குறைந்துபோகும் என்பதும் சோதித்துக் கண்டவை. ஆகவே நீ செடி வளர்த்த அறையின் வெப்பம் எவ்வளவு, எத்தனையாவது இலையைப் பறித்தாய் என்பதையும் எனக்கு எழுது. குறிப்பேட்டில் இல்லையென்றால் இனிமேலாவது எழுதிவை.

மிச்சமிருக்கும் இலைத்தூளை மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியிலிருந்து எடுத்து, சவ்வு இல்லாமல் ட்ரைசால் கரைசல் முறையில் மறுபடி பிரி. மேல்நீர் எதையும், அடுத்த ஜெல்லைப் பார்க்கும்வரை, கொட்டாதே. தரவு வந்ததும் முதலில், எந்த நீளத்தில் எத்தனை துண்டு என்று காட்டும் நீளப் படத்தைப் போடு. மேடுபள்ளம் இல்லாமல் சரிவாக வந்தால் சிதைந்த ஆர்.என்.ஏ. என்று பொருள்; மறுபடி பேசுவோம். 21இலும் 24இலும் இரண்டு முகடு எழும்பியிருந்தால் நேரம் பார்க்காதே, உடனே அனுப்பு. இங்கே நள்ளிரவானாலும் அப்பாவை எழுப்பிக் காட்டுவேன்.

அன்புடன்,
அம்மா