சண்முகத்துக்கு, கால் மதமதப்பு பற்றி

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நர்சிங் சேர்ந்தாள் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அனைவரும் நலம். என் கண்புரை ஆபரேஷன்தான் தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். செருப்பு கழன்றது தெரியாமல் தெருமுனை வரை நடந்தேன் என்று ஏதோ வேடிக்கை போல எழுதியிருக்கிறாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுகர் கையை விட்டுவிட்டுக் காலை ஏன் பிடிக்கிறது என்றும் கேட்டிருக்கிறாய். காலமெல்லாம் விலங்கியல் நடத்தியவனிடம் கேட்டால் சும்மா விடுவேனா?

மூளை, தண்டுவடம், அதிலிருந்து கிளம்பும் 31 ஜோடி நரம்புகள் என்பதெல்லாம் பள்ளிக்கூடப் பாடம், உனக்கே ஞாபகம் இருக்கும். ஆனால் கால் கட்டைவிரலின் தொடுவுணர்வைச் சுமக்கிற நரம்பு செல்லின் உடல் காலிலேயே இல்லை. இடுப்புப் பக்கம், முதுகெலும்பின் ஓரத்தில் ஒரு சின்ன முடிச்சுக்குள் இருக்கிறது. அங்கிருந்து ஓர் இழை விரல் வரை ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்குகிறது. இன்னொரு கிளை தண்டுவடத்துக்குள் நுழைந்து பிடரி வரை ஏறுகிறது. இத்தனையும் ஒரே செல்! அதன் உடலை எலுமிச்சம்பழ அளவுக்குப் பெரிதாக்கினால், காலுக்குப் போகும் இழை மட்டும் முக்கால் கிலோமீட்டர் நீளும்.

இழைக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பகுதி செல் உடலில்தான் தயாராகிறது. அங்கிருந்து இழைக்குள்ளேயே நகர்ந்து போக வேண்டும். வேகமாகப் போவதே ஒரு நாளைக்குச் சுமார் 40 சென்டிமீட்டர்தான். விரல்நுனிக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நாளாகும். மெதுவாக நகர்வதற்கோ மாதக்கணக்கு. சர்க்கரை பல வருஷம் ஏறியே இருந்தால் இழையும் கெடுகிறது, அதற்கு ரத்தம் தரும் நுண்குழாய்களும் கெடுகின்றன. இருப்பதிலேயே நீளமான இழையின் கடைக்கோடிதான் முதலில் அடிபடும். அதனால்தான் மதமதப்பு கால்விரலில் தொடங்கி மேலே ஏறுகிறது. பெரும்பாலும் முழங்காலை நெருங்குகிற சமயத்தில்தான் கைவிரல்களுக்கு வரும்.

கண்ணை மூடி முகம் கழுவும்போது தள்ளாடுகிறதா என்று கவனி. பாதம் எங்கே, எப்படி ஊன்றியிருக்கிறது என்று சொல்பவை தடித்த இழைகள். வினாடிக்கு 50 மீட்டருக்கு மேல் செய்தி அனுப்புபவை. அவை மங்கினால் கண் ஈடுகட்டும், கண்ணை மூடியதும் ஆட்டம் காணும். சூட்டையும் வலியையும் சொல்லும் மெல்லிய இழைகளில் பலவற்றுக்கு வினாடிக்கு ஒரு மீட்டர்தான் வேகம். நிலைப்படியில் விரலை இடித்துக்கொண்டால் முதலில் சுரீர், சற்றுக் கழித்து விண்விண் என்று தெறிக்கிறதே, வலி சொல்லும் இழைகளிலேயே சற்று வேகமானவையும் இருப்பதுதான் காரணம். ராத்திரியில் பாதம் எரிகிறது என்கிறாயே, அதுவும் இந்த மெல்லிய இழைகள் கெடுவதால் வருவதுதான்.

முள் குத்தினால், நமக்கு வலி தெரிவதற்குள் தண்டுவடமே காலை இழுத்துவிடும். குத்திய செய்தி காலிலிருந்து மேலே போகவே இல்லையென்றால் அது என்ன செய்யும், பாவம்? அப்புறம், இதயம், குடல், ரத்த அழுத்தம் என்று நம்மைக் கேட்காமல் வேலை பார்க்கும் நரம்புகளையும் சுகர் தொடும். எழுந்தவுடன் தலை சுற்றினால் டாக்டரிடம் மறைக்காதே. சுகர்காரர்களுக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வருவதும் உண்டு.

சித்திரை வெயிலில் கோயில் பிரகாரத்தை வெறுங்காலோடு சுற்றாதே. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் சுட்டதே தெரியும். விடியற்காலையில் போனால் சாமி கோபித்துக்கொள்ளாது. வெளியே போக எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கு, குதிகாலில் வார் இருக்கட்டும். நீ சுகருக்கு மெட்ஃபார்மின் மாத்திரை பல வருஷமாகச் சாப்பிடுகிறாய், சைவம் வேறு. இரண்டாலும் பி12 வைட்டமின் குறையலாம். அது குறைந்தாலும் இதே மதமதப்பு வரும், அது மருந்தில் சரியாகக்கூடியது. அதற்கு ஒரு ரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று டாக்டரிடம் கேள்.

ரிப்போர்ட் வந்ததும் போன் பண்ணு. ஆவணியில் கல்யாணத்துக்கு வரும்போது தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா, இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகலாம்.

அன்புடன்,
முத்து