முதலில் மூன்று மாதச் சம்பளம்: நம் காற்பந்துக் கழகச் செயலவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், பொருளாளர், செயலவை உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். நம் கழகம் மேல் பிரிவுக்கு ஏறிய அன்று கொட்டகையில் நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவர்களில் நானும் ஒருவன் என்பதால், வாழ்த்தை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும். கடைசி விசில் ஊதிய நேரத்தில் உறுமி அடித்த பையனின் குச்சி ஒடிந்துபோக, அவன் வெறுங்கையாலேயே அடித்துத் தீர்த்ததை நீங்களும் மேடையிலிருந்து பார்த்திருப்பீர்கள். அந்த ஏற்றத்தில் உங்கள் உழைப்புக்கும் பங்குண்டு. அதை யாரும் மறுக்கவில்லை.

ஆனால் சென்ற வாரம் கழகத்தின் பெயரில் வந்த இரண்டு அறிவிப்புகளைப் படித்த பிறகு, வாழ்த்தோடு நிறுத்திக்கொள்ள மனம் இடம் தரவில்லை. அடுத்த பருவத்துக்காக இரண்டு இறக்குமதி ஆட்டக்காரர்களிடம் பேசி முடித்தாயிற்று என்றது ஓர் அறிவிப்பு. ஏற்றத்தைக் கொண்டாட ஹோட்டலில் விருந்து, ஒரு மேசை 1,500 ரிங்கிட் என்றது மற்றொன்று. இரண்டையும் மேலிருந்து கீழாக மும்முறை படித்தும் நான் தேடிய வரி அகப்படவில்லை. பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதச் சம்பளம் ஆட்டக்காரர்களுக்கு எந்தத் தேதியில் கிடைக்கும் என்பதே அந்த வரி. விவரம் உங்களுக்குத் தெரிந்ததுதான், நான் விளக்கத் தேவையில்லை. ஆகவே கோரிக்கையை நேராகவே வைக்கிறேன்: நிலுவையில் உள்ள மூன்று மாதச் சம்பளத்தையும் கொடுத்து முடிக்கும்வரை புதிதாக எந்த ஆட்டக்காரரோடும் கையெழுத்திட வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

தைப்பூசத்துக்கு முந்தின வாரம் வந்ததே அவர்கள் கடைசியாகக் கண்ட சம்பளம் என்பது திடலைச் சுற்றி இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் காதில் விழுந்திருந்தது. காதில் விழுவது வேறு, அது மழையில் நனைந்தபடி நம் வீட்டு வாசலில் வந்து நிற்பது வேறு.

ஏப்ரல் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, பதினொன்றரை மணி இருக்கும். வேலை முடிந்து தாமதமாக வீடு திரும்பிய மகளுக்காக நாசி கண்டாருக்குச் சொல்லியிருந்தோம். எங்கள் அடுக்குமாடியில் அன்று லிஃப்ட் ஓடவில்லை. ஒன்பதாவது மாடிவரை படியேறி வந்த இளைஞர், மூச்சு வாங்கியபடி பொட்டலத்தை நீட்டினார். மழைக்கோட்டின் கழுத்துப் பக்கம் திறந்திருந்தது; உள்ளே நம் கழகத்தின் பயிற்சிச் சட்டை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே திரும்பியவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். கூப்பிட்டிருக்கக் கூடாது என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

அதற்கு மூன்று நாள் முன்னர்தான், சனிக்கிழமை ஆட்டத்தில், பிற்பாதியில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட, அந்த இடைவெளியில் எதிரணி சமநிலை கோலைப் போட்டது. கொட்டகையில் இருந்த நாங்கள் அவரைச் சும்மா விடவில்லை. சோம்பேறி என்று கத்திய குரல்களில் என் குரலும் ஒன்று. வாசலில் நின்றபடி அவரே அதைப் பற்றிப் பேசினார். வெள்ளிக்கிழமை இரவு இரண்டு மணிவரை சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்ததில் கால் நரம்பு இழுத்துக்கொண்டது என்று, ஏதோ என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியவர்போல் சொன்னார். அறை வாடகைக்கு வீட்டுக்காரரிடம் தவணை சொல்லலாம், மோட்டார் சைக்கிள் கடனுக்குத் தவணை சொன்னால் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், வண்டி போனால் இந்த வருமானமும் போய்விடும் என்றார். மேற்கொண்டு ஐந்து ரிங்கிட் கொடுத்தேன். வாங்கவில்லை. "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அண்ணே" என்று மட்டும் கேட்டுக்கொண்டு படியிறங்கிப் போனார். நம் கழகத்தின் சின்னம் போட்ட காலணிப் பை அவர் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கேட்டுக்கொண்டபடியே பெயரும் சட்டை எண்ணும் இங்கே இல்லை. அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காக நாளையும் ஆட்டத்தையும் சற்று மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். நீங்களும் தேட வேண்டாம். தேடினால் ஒருவர் அகப்பட மாட்டார், ஐந்தாறு பேர் அகப்படுவார்கள்.

நான் பினாங்கு மாநிலத்தின் பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் சம்பளப் பிரிவில் 22 ஆண்டுகளாக வேலை செய்பவன். ஊதியக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் கூலி தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டின் வேலைச் சட்டம். அதன் பொருளை எனக்குக் கற்றுக்கொடுத்தவை எட்டாம் நாள் காலையில் என் மேசைக்கு முன்னால் வந்து நின்ற முகங்கள். ஒருமுறை வங்கிக் கோளாறால் ஒரே ஒரு நாள் தாமதமானதற்கு எங்கள் மேலாளர் ஒவ்வொரு பிரிவாகப் போய் நின்று விளக்கம் சொன்னார். இங்கே மூன்று மாதமாகியும் ஒருவரும் உடைமாற்றும் அறைக்குப் போய் நின்றதாகத் தெரியவில்லை. ஆதரவு நிறுவனத்தின் பணம் வந்துகொண்டிருக்கிறது என்ற பதில் மட்டும் மார்ச் மாதத்திலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. ஊழியர் சேமநிதிச் சந்தாவை மறுமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும் என்பதும் எனக்கு அன்றாடக் கணக்கு. ஆட்டக்காரர்களின் சம்பளச் சீட்டில் பிடிக்கப்பட்ட 11 விழுக்காடு அவரவர் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று கேட்கும் உரிமை எனக்கில்லை; பொருளாளர் ஐயா அதைத் தம்மிடமே ஒருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

இது மனிதாபிமானம் சார்ந்த விஷயம் மட்டுமென்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. எழுத்து ஒப்பந்தம் உள்ள ஆட்டக்காரருக்குக் குறைந்தது இரண்டு மாதச் சம்பளம் நிலுவையாகிவிட்டால், கழகத்துக்கு எழுத்து மூலம் 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு அவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு போகலாம் என்று உலகக் காற்பந்துச் சம்மேளனமான பிஃபாவின் விதி 2018 முதல் சொல்கிறது. நம் பையன்களுக்கு அந்த இரண்டு மாத எல்லை தாண்டி ஒரு மாதம் ஆகிறது. அவர்கள் இன்னும் போகாமல் இருப்பதற்குக் காரணம், பலர் இந்தத் திடலுக்குப் பக்கத்துத் தாமான்களில் பிறந்து, இதே கொட்டகையில் தகப்பன் தோளில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தவர்கள் என்பதுதான். அந்தப் பாசத்தைச் சம்பளக் கணக்கில் கழித்துக்கொள்ள எந்தச் சட்டமும் இடம் தரவில்லை.

மூடா ஆற்றைத் தாண்டினால் கெடா. 2007, 2008 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டுகள் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அள்ளிக்கொண்டு போன அணி அது. அந்நாளில் இந்தப் பக்கத்திலிருந்தும் வண்டி பிடித்துப் போய் அலோர் ஸ்டாரில் ஆட்டம் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. அந்த அணிக்கே 2025-26 பருவத்தில் சூப்பர் லீக்கில் ஆட உரிமம் கிடைக்கவில்லை. அதற்கு முன்பு மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் 2023 பருவத்தில் கால் வைக்க முடியாமல் போனதற்குக் காரணம் சம்பள நிலுவை. மூன்று கிண்ணம் வென்றவர்களையே காப்பாற்றாத பெருமை, ஒரே ஒரு படி ஏறிய நம்மைக் காப்பாற்றும் என்று நம்புவதற்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்பதைச் செயலவைதான் சொல்ல வேண்டும்.

அடுத்த பருவத்தில் ரசிகர்கள் எதை எதிர்பார்க்கிறார்கள் என்று தலைவர் அவர்கள் சென்ற வாரம் கேட்டிருந்தார்கள். கேட்டதற்கு நன்றி. மாமாக் கடை மேசைகளில் பேசப்படுவதெல்லாம் உங்கள் காதுக்கும் வருகிறது என்று நினைக்கிறேன். ஏறிய மறு ஆண்டே, 1978-இல், நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் இங்கிலாந்தின் வெற்றியாளரானதையும், ஜெர்மனியில் 1998-இல் கைசர்ஸ்லாட்டர்ன் அதே காரியத்தைச் செய்ததையும் எடுத்துப் பேசும் இளைஞர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் பினாங்கு மாநில அணியே 2020-இல் அன்றைய இரண்டாம் பிரிவான பிரிமியர் லீக்கை வென்று ஏறி, 2021-இல் மேல் பிரிவான சூப்பர் லீக்கில் மூன்றாம் இடம் பிடித்தது. அதே ஆண்டில் அதோடு கூடவே ஏறிய கோலாலம்பூர், 2021-இன் மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தில் ஜொகூரின் ஜேடிடி அணியை இரண்டுக்குச் சுழியம் என்று வென்றது. கனவு காண்பதற்கு இவை போதும்.

எனக்கோ வேறொன்று நினைவுக்கு வருகிறது. இதற்கு முன் பினாங்கு ஏறியது 2015-இல். 2016 பிப்ரவரியில் பினாங்கின் பண்டாராயா அரங்கத்தில் பஹாங்குக்கு எதிராக ஃபைஸ் சுப்ரி அடித்த ஃப்ரீ கிக், பாதி வழியில் திசை மாறி வலைக்குள் விழுந்ததை உலகமே திரும்பத் திரும்பப் பார்த்தது. 2017 ஜனவரியில் சூரிக் நகரத்தில் அதற்கு, ஆண்டின் சிறந்த கோலுக்கான புஸ்காஸ் விருது கிடைத்தது. அந்த 2017 பருவம் முடிந்தபோது பினாங்கு மீண்டும் இரண்டாம் பிரிவில் இருந்தது. ஏறுவது ஓர் ஆண்டு வேலை, தங்குவதற்குத்தான் அடித்தளம் வேண்டும் என்பதை அன்று பண்டாராயா அரங்கத்திலிருந்து நடந்து வெளியே வந்தபோது நான் புரிந்துகொண்டேன்.

ஆகவே என் எதிர்பார்ப்பு மிகச் சிறியது. இறங்காமல் இருந்தால் போதும். கடைசிக்கு இரண்டு இடம் மேலே முடித்தாலும் நாங்கள் உறுமியோடு வீடு திரும்புவோம். இரயில் பாதைப் பக்கத்து விளக்குக் கம்பத்தில் எரியாத நான்கு விளக்குகளை மாற்றுங்கள், பெண்கள் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் போடுங்கள். நுழைவுச்சீட்டு விலையில் ஒரு ரிங்கிட் ஏற்றினாலும் முணுமுணுத்துவிட்டு வாங்கிக்கொள்வோம். ஆனால் மூன்று மாதச் சம்பளம் முதலில்.

விருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேசைக்குப் பத்துப் பேர், எட்டு வகைப் பதார்த்தம், மேடையில் பிரமுகர்களுக்குப் பொன்னாடை, மாலை. நம் சமூகத்தில் எந்த நிகழ்ச்சியும் மாலையில்லாமல் நடந்ததில்லை என்பதால் அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆட்டக்காரர்களுக்கும் தனி மேசைகள் உண்டு என்று அறிந்து மகிழ்ந்தேன். அன்றிரவு அவர்களில் சிலர் சற்றுத் தாமதமாக வரக்கூடும், அல்லது சாப்பாட்டுப் பொட்டலத்துடன் பின்வாசல் வழியாக வரக்கூடும். வாசலில் நிற்பவர்கள் அவர்களைத் தடுத்துவிட வேண்டாம். பெரிய பதாகையில் எட்டுப் பேருடைய படங்களைப் பார்த்தேன். எட்டில் ஒருவர்கூடப் பந்தை உதைத்தவர் இல்லை. கோல் காவலர் ஆர். ஆறுமுகமும் அணித் தலைவராக இருந்த எம். சந்திரனும் நாட்டுக்காக ஆடிய காலத்தில் பதாகை அச்சடிக்க இத்தனை வசதி இல்லாதது ஒருவகையில் நல்லதுதான் போலிருக்கிறது. அதனால்தான் மக்கள் ஆட்டக்காரர்களின் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

வார்த்தை சற்று நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன். உங்களில் பலர் சொந்தப் பணத்தைப் போட்டுக் கழகத்தைக் கட்டிக் காத்தவர்கள் என்பதும், நோய்த்தொற்றுக் காலத்தில் திடல் பூட்டிக் கிடந்தபோது புல் வெட்டும் கூலியைச் செயலாளர் தம் பையிலிருந்து கொடுத்தார் என்பதும் எங்களுக்கு மறக்கவில்லை. அதனால்தான் இதை வேறெங்கும் புகாராகக் கொண்டுபோகாமல் உங்களுக்கே மடலாக எழுதுகிறேன்.

குறை சொல்வதோடு நிற்க விரும்பவில்லை. கொட்டகையில் எங்களோடு நிற்பவர்களைக் கேட்டுப் பார்த்ததில், அடுத்த பருவத்துக்கான நுழைவு அட்டைக்கு இப்போதே முழுப் பணமும் கட்டத் தயார் என்று 64 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தொகையாகாது என்பது சம்பளக் கணக்கு எழுதும் எனக்குத் தெரியும்; ஒரு மாத நிலுவையில் ஒரு பகுதிக்காவது ஆகும். அதைச் சம்பளத்துக்கென்று தனிக் கணக்கில் போட வேண்டும். புதிய ஆட்டக்காரர்களுக்கான முன்பணமும் விருந்தில் சேரும் தொகையும் நிலுவை தீரும்வரை அதே கணக்குக்குப் போக வேண்டும். பருவம் தொடங்கிய பிறகு மாதந்தோறும் 7-ஆம் தேதிக்குள் சம்பளம் கொடுத்தாயிற்று என்ற ஒரே ஒரு வரியைத் திடல் வாசலில் உள்ள பலகையில் ஒட்ட வேண்டும். எவருக்கு எவ்வளவு என்று நாங்கள் கேட்கவில்லை. அது அவரவர் வீட்டு விஷயம்.

ஜூலை முதல் வாரத்தில் பயிற்சி தொடங்குவதாக அறிகிறோம். அதற்கு முன் மூன்று மாதச் சம்பளத்துக்கான தேதியை அந்தப் பலகையில் அறிவிக்கும்படி மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். பலகையின் கண்ணாடி உடைந்து இரண்டு மாதமாகிறது என்று காவலாளி சொன்னார். சாரல் அடித்தாலும் கிழியாதபடி தாளை நான்கு மூலையிலும் நன்றாக ஒட்டச் சொல்லுங்கள்.

இங்ஙனம்,
இரயில் பாதைப் பக்கத்துக் கொட்டகையில் நிற்பவர்கள் சார்பில்,
ஓர் ஆதரவாளன், பிறை