அக்காவுக்கு, குயின்ஸிலிருந்து

எல்ம்ஹர்ஸ்ட், குயின்ஸ்,
நியூயார்க்.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டது, அதைத் தவிர விசேஷம் ஒன்றுமில்லை. அன்றைக்குப் போனில் நான் நர்சிங் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும், "இன்ஜினியருக்குப் படிக்க வைத்தது பெட்பான் எடுக்கவா?" என்று அம்மா கேட்டுவிட்டுப் போனை உன்னிடம் கொடுத்துவிட்டாள். நீ வேறெதுவும் பேசவில்லை. "எவ்வளவு ஆகும், எத்தனை மாசம், மூன்றரை வருஷம் நான் படித்ததை நீ ஒன்றரை வருஷத்தில் எப்படிப் படிப்பே?" என்று மட்டும் கேட்டாய். இத்தனை வருஷம் வார்டில் டூட்டி பார்த்தவளுக்குப் போனில் மழுப்பலாகப் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் கடிதம்.

டெஸ்டிங் வேலை போன கதை உனக்குத் தெரியும். அதன் பிறகு கிடைத்ததெல்லாம் மூன்று மாதம், ஆறு மாதம் என்று கான்ட்ராக்ட் வேலைதான். உன் தம்பி பெண்டாட்டிக்கு ஃபார்மஸியில் நிரந்தர வேலை இருப்பதால் வீட்டு வாடகையும் இன்ஷூரன்ஸும் ஓடுகின்றன. நான் நர்ஸ் எய்டு பயிற்சி எடுத்து (இந்த மாநிலத்தில் குறைந்தது 100 மணி நேரம்) வார இறுதிகளில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகிறேன். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே. குளிப்பாட்டுவது, ஊட்டுவது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது, எல்லாம் நீ செய்து பழகியதுதான். ஆளைப் படுக்கையில் வைத்துக்கொண்டே விரிப்பு மாற்றுவதை முதலில் பார்த்தபோது ஏதோ வித்தை போல இருந்தது. அவரை ஒரு பக்கம் திருப்பி, பழைய விரிப்பை முதுகோரம் சுருட்டி, அதற்கு அடுத்து புது விரிப்பைப் பாதி விரித்து, இந்தப் பக்கம் புரட்டி, பழையதை உருவ வேண்டும். ஒரு கொலம்பியா நாட்டுப் பாட்டி, நான் மடிப்பு விட்டால் விரலால் தட்டிக் காட்டுவாள். மடிப்பு அழுத்தினால் புண் வரும் என்பது எனக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இந்த வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, அக்கா. மூன்று மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று வீட்டில் இவளிடம் சொன்னேன். பார்த்துவிட்டேன்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நான் சேர நினைக்கிற நர்சிங், பன்னிரண்டாவது முடித்துவிட்டு வருகிற பிள்ளைகளுக்கான படிப்பு அல்ல, வேறு துறையில் ஏற்கெனவே டிகிரி வாங்கியவர்களுக்கானது. அந்த டிகிரியில் படித்த பொதுப் பாடங்களைக் கழித்துவிட்டு, நர்சிங் பாடங்களையும் வார்டு பயிற்சியையும் கோடை விடுமுறைகூட விடாமல் நெருக்கி நடத்துகிறார்கள். கல்லூரியைப் பொறுத்து 11 முதல் 18 மாதம் ஆகும். என் மெக்கானிக்கல் பி.இ. நாலு வருஷப் படிப்பு என்பதால் சிக்கல் வரவில்லை. டபிள்யூ.இ.எஸ். என்ற அமைப்பு மார்க் ஷீட்டுகளை மதிப்பிட்டு, இங்குள்ள இளநிலைப் பட்டத்துக்குச் சமம் என்று எழுதிக் கொடுத்துவிட்டது. ட்ரான்ஸ்கிரிப்ட் (மார்க் விவரச் சான்று) வாங்க அத்தான் கிண்டிக்கு அலைந்ததற்கு நான் நேரில் வந்து கறிச்சோறு போடுகிறேன் என்று சொல்லிவை.

ஆனால் விளம்பரங்களில் போடுகிற 12 மாதம், 15 மாதம் எல்லாம் உள்ளே நுழைந்த நாளிலிருந்து எண்ணுகிற கணக்கு. நுழைவதற்கு முன்னால் முடிக்க வேண்டிய பாடங்கள் தனி. அனாட்டமி-பிசியாலஜி இரண்டு பருவம், மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, புள்ளியியல், மனித வளர்ச்சி உளவியல், பல இடங்களில் சத்துணவியலும் உண்டு. அனாட்டமியில் முதல் பாகம் முடிக்காமல் இரண்டாம் பாகம் எடுக்க முடியாது. கல்லூரியில் முதல் வருஷம் படித்த கெமிஸ்ட்ரி ரொம்பப் பழையது என்று பல இடங்களில் தள்ளிவிடுவார்கள். ஆக, வேலையும் பார்த்துக்கொண்டு படித்தால் இதற்கே ஒரு வருஷத்துக்கு மேல் ஓடிவிடும். அதைத்தான் இப்போது குயின்ஸ்பரோ கம்யூனிட்டி காலேஜில் மாலை வகுப்பில் படித்துக்கொண்டிருக்கிறேன். நியூயார்க்வாசிகளுக்கு ஒரு கிரெடிட்டுக்கு 210 டாலர், நாலு கிரெடிட் அனாட்டமிக்கு 840 டாலர். இதே பாடத்தைத் தனியார் கல்லூரியில் படித்தால் பல மடங்கு ஆகும். எலும்பு எங்கே படித்தாலும் 206 தானே.

அந்தச் செய்முறைத் தேர்வை நீ பார்க்க வேண்டும். மேசை மேசையாக எலும்புகளை வைத்து, ஒரு துளையிலோ முண்டிலோ நம்பர் சீட்டு ஒட்டியிருப்பார்கள். மணி அடித்ததும் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். பெயரை எழுத்துப் பிசகில்லாமல் எழுதினால்தான் முழு மார்க். எனக்குப் பக்கத்தில் நகர்ந்து வருகிறவர் டாக்ஸி ஓட்டுகிற ஒரு பங்களாதேஷ்காரர், அவருக்குப் பின்னால் ஒரு ஹோட்டல் சமையல்காரர், அதற்குப் பின்னால் முன்பு பள்ளி ஆசிரியையாக இருந்த ஒரு அம்மா. வகுப்பில் நான் ஒன்றும் கிழவன் இல்லை. ஆம்பளை என்பதை யாரும் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. அம்மாவுக்கு இதைச் சொல்.

இனி பணம். இங்கே இணையத்தில் ஒரு தடவை விவரம் கேட்டுவிட்டால் போதும், தனியார் கல்லூரிக்காரர்கள் விடமாட்டார்கள். ஒரு இடத்திலிருந்து ஒரு பெண் தினமும் கூப்பிட்டாள். நுழைவுத் தேர்வு வேண்டாம், காத்திருப்புப் பட்டியல் கிடையாது, இந்த வாரம் சேர்ந்தால் விண்ணப்பக் கட்டணம் தள்ளுபடி என்றாள். மொத்த ஃபீஸ் எவ்வளவு என்று கேட்டால் மட்டும், "உங்கள் எதிர்காலத்துக்கான முதலீடு" என்று பேச்சை மாற்றிவிடுவாள். நச்சரித்து வாங்கிய பதில் 70 ஆயிரம் டாலரைத் தாண்டியது. நம்மூர் இன்ஜினியரிங் கவுன்சலிங் சமயத்தில் கல்லூரி ஏஜென்ட்டுகள் வீட்டுக்கு வந்ததுதான் ஞாபகம் வந்தது.

அதற்குப் பிறகு எந்தக் கல்லூரி என்றாலும் முதலில் இரண்டு விஷயம் பார்க்கிறேன். மாநில அங்கீகாரம் இருக்கிறதா, நர்சிங் படிப்புகளைத் தரம் பார்க்கிற சி.சி.என்.இ. அல்லது ஏ.சி.இ.என். அமைப்பின் தரச்சான்று இருக்கிறதா? இது இல்லாத இடத்தில் படித்தால் பின்னால் மேல்படிப்புக்கும் நல்ல ஆஸ்பத்திரிக்கும் கதவு அடைத்துவிடும். 2023 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் மூன்று நர்சிங் பள்ளிகளின் பெயரில் 7,600க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்கள் விற்ற கும்பலை மத்திய அரசு பிடித்தது. அதை வாங்கியவர்களில் பலர் லைசென்ஸ் தேர்வில் பாஸாகி வேலைக்கே போயிருந்தார்கள் என்பதுதான் பயங்கரம்.

அந்த லைசென்ஸ் தேர்வுக்கு என்க்ளெக்ஸ் என்று பெயர். கம்ப்யூட்டர் நம் பதிலைப் பார்த்து அடுத்த கேள்வியைப் போடும். குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்வி, ஐந்து மணி நேரம். ஒவ்வொரு கல்லூரியிலும் முதல் தடவையிலேயே எத்தனை சதவீதம் பாஸ் என்பது வெளியே தெரியும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. தேர்வு எழுதியவர்களில் எத்தனை பேர் பாஸ் என்பதுதான் அந்தக் கணக்கு. நடுவிலேயே ஃபெயிலாக்கி அனுப்பிவிட்டவர்கள் அதில் வரமாட்டார்கள். அதனால் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் முடித்தார்கள் என்றும் கேட்கிறேன். இந்தக் கேள்விக்கு அந்தப் போன்காரி, மேலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்தவள்தான், பிறகு கூப்பிடவே இல்லை.

என் மனசில் இருப்பது ஹண்டர் கல்லூரி. நகரத்தின் அரசுப் பல்கலைக்கழகமான கியூனியைச் சேர்ந்தது. அங்கே இரண்டாவது பட்டக்காரர்களுக்கான நர்சிங் 18 மாதம். கியூனியின் நாலு வருஷக் கல்லூரிகளில் மாநிலவாசிகளுக்குப் பருவத்துக்கு 3,465 டாலர். கோடைப் பருவம், புத்தகம், யூனிஃபார்ம், இதர கட்டணம் எல்லாம் சேர்த்தாலும் அந்தத் தனியார் ஃபீஸில் பாதியைத் தொடாது.

பிறகு ஏன் எல்லாரும் அங்கேயே போகவில்லை என்று கேட்பாய். இடம் கொஞ்சம், போட்டி பலம். நுழைவதற்கு முன்னால் முடிக்கிற இந்தப் பாடங்களில் ஒன்றிரண்டில் பி கிரேடு வாங்கினாலே நெஞ்சு படபடக்கிறது. நான் ரொம்ப நாள் குழம்பியது இதில்தான். ஃபீஸைவிடப் பெரிய செலவு, சம்பளம் இல்லாமல் போகிற மாதங்கள். படிக்கிறபோது வேலைக்குப் போக வேண்டாம் என்று பல கல்லூரிகளும் சொல்கின்றன. தனியாரில் மூன்று மாதம் முன்னால் முடித்தால் மூன்று மாதச் சம்பளம் லாபம். ஆனால் அந்த லாபம் ஃபீஸ் வித்தியாசத்தை ஈடுகட்டாது. அதுவே ஹண்டரில் இடம் கிடைக்காமல் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று காத்திருந்தால் கணக்கு தலைகீழ். மலிவு என்று நினைத்தது ரொம்ப விலையாகிவிடும். அதனால் ஒரு தடவைதான் காத்திருப்பது என்று இவளும் நானும் பேசி வைத்திருக்கிறோம். முதல் சுற்றில் கிடைக்கவில்லை என்றால், கம்யூனிட்டி காலேஜிலேயே இரண்டு வருஷ அசோசியேட் நர்சிங்கில் சேர்ந்துவிடுவேன். அதற்கும் இதே என்க்ளெக்ஸ், இதே ஆர்.என். (பதிவுபெற்ற நர்ஸ்) லைசென்ஸ்தான். நியூயார்க்கில் 2017இல் வந்த சட்டப்படி, அப்படி லைசென்ஸ் வாங்குகிறவர்கள் பத்து வருஷத்துக்குள் நர்சிங் பி.எஸ்ஸி. முடிக்க வேண்டும். வேலை பார்த்துக்கொண்டே முடிக்கலாம், பல ஆஸ்பத்திரிகள் ஃபீஸில் ஒரு பங்கும் தரும். பெரிய ஆஸ்பத்திரிகள் முதலில் பி.எஸ்ஸி.காரர்களைத்தான் எடுக்கும் என்பது ஒன்றுதான் அதில் குறை.

கடனைப் பற்றி அத்தான் கேட்டார். கிரீன் கார்டு வந்துவிட்டதால் மத்திய அரசுக் கடன் எனக்குக் கிடைக்கும். எச்1பியில் இருந்திருந்தால் இதுவும் இல்லை. வருஷத்துக்கு 12,500 டாலர் வரை வாங்கலாம். பெல் கிராண்ட் என்ற இலவச உதவி மட்டும் கிடையாது. ஏற்கெனவே ஒரு டிகிரி இருந்தால், அது இந்தியாவில் வாங்கியதாக இருந்தாலும், தரமாட்டார்கள். நர்ஸ் கோர் என்று மத்திய அரசின் உதவித்தொகை ஒன்று இருக்கிறது. ஃபீஸுக்கும் மாதச் செலவுக்கும் பணம் கொடுத்து, படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு வருஷம் நர்ஸ் பற்றாக்குறை உள்ள இடத்தில் வேலை பார்க்கச் சொல்வார்கள். விண்ணப்பம் போடுவேன். கிடைத்தால் அதிர்ஷ்டம், அதை நம்பிக் கணக்குப் போடவில்லை.

அப்புறம், இங்கே எல்லாம் சொர்க்கம் என்றும் நினைக்காதே. 2023 ஜனவரியில் மவுண்ட் சினாய், மான்ட்டெஃபியோரே ஆஸ்பத்திரிகளில் சுமார் 7,000 நர்ஸ்கள் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளத்தைவிட, ஒரு நர்ஸுக்கு எத்தனை நோயாளி என்பதுதான் பெரிய சண்டை. நீ ராத்திரி டூட்டியில் ஒற்றை ஆளாக ஒரு வார்டு முழுக்கப் பார்த்தேன் என்று சொல்வாயே, அதை இங்குள்ளவர்களிடம் சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார்கள்.

ஒரு வேடிக்கை. வேலையில் சேருமுன் காசநோய்ப் பரிசோதனை செய்தார்கள். நம் எல்லாருக்கும் கையில் பி.சி.ஜி. தழும்பு இருக்கிறதே, அதனால் தோலில் ஊசி போட்டுப் பார்த்தால் நோய் இல்லாவிட்டாலும் தடித்துக் காட்டலாமாம். ரத்தத்தில் பார்த்துவிடலாம் என்று நர்ஸே சொல்லிவிட்டாள். சின்ன வயசில் போட்ட தட்டம்மை ஊசிக்குச் சீட்டு கேட்டதற்கு, அம்மாவிடம் கேட்டால் அம்மன் கோயில் விபூதியை அனுப்புவாள் என்று நினைத்துக்கொண்டு அதற்கும் ரத்தமே கொடுத்துவிட்டேன்.

கடைசியாக ஒன்று. மேலத்தெரு மனையை விற்று எனக்குப் பணம் அனுப்பலாம் என்று அம்மா அத்தானிடம் பேசியதாக இவள் சொன்னாள். வேண்டவே வேண்டாம். ஹண்டரோ கம்யூனிட்டி காலேஜோ, இவள் சம்பளமும் அந்தக் கடனும் போதும். மனை உன் பெயரிலும் பாதி இருக்கிறது, நீ கையெழுத்துப் போடாமல் இருந்தாலே போதும். ஞாயிற்றுக்கிழமை உனக்கு நைட் டூட்டி இல்லையென்றால் கூப்பிடுகிறேன். அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து ஒரு மிஸ்டு கால் கொடு.

அத்தானுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு முத்தம்.

உன் தம்பி