எல்லாச் சூரியகாந்தியையும் நுனி கிள்ளலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், வீட்டுத் தோட்டத்தில் வண்ணச் சூரியகாந்தி வளர்ப்பது பற்றி வெளிவந்த கட்டுரையை ஆவலுடன் படித்தேன். மஞ்சள் மட்டுமே சூரியகாந்தி என்று நினைத்திருப்பவர்களுக்கு அதிலிருந்த செம்பழுப்பும் வெண்ணெய் நிறமும் வியப்பாக இருந்திருக்கும். ஆனால், செடி ஓரடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் பூக்கள் பெருகும் என்று எல்லா ரகங்களுக்கும் பொதுவாக அதில் சொல்லப்பட்டிருப்பதைப் படித்துவிட்டு, யாரேனும் உடனே தோட்டத்தில் இறங்கிவிடக் கூடாதே என்ற கவலையில்தான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சூரியகாந்தியில், ஒரே தண்டின் உச்சியில் ஒரே பூவைத் தருகிற ரகங்களும் உண்டு. பக்கக் கிளை விட்டுப் பல வாரங்களுக்குப் பூத்துக்கொண்டே இருக்கிற ரகங்களும் உண்டு. வெல்வெட் குவீன், இத்தாலியன் ஒயிட் போன்றவை இரண்டாம் வகை. அவற்றின் நுனியைக் கிள்ளினால் செடி அடர்ந்து கிளைத்துப் பல பூக்களைத் தரும். குவளையில் வைப்பதற்கென்றே உருவாக்கப்பட்ட புரோகட் போன்ற ஒற்றைத்தண்டு ரகங்களுக்கோ அந்த நுனியில்தான் பூவே இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், இதே போன்ற ஓர் ஆலோசனையை நம்பி, ஒரு வரிசை ஒற்றைத்தண்டுச் செடிகளை நகத்தாலேயே கிள்ளிவிட்டுப் பெருமையோடு காத்திருந்தேன். இலைகள் மட்டும் தளதளவென்று வளர்ந்தன. இரண்டொரு செடிகளில் சட்டைப் பொத்தானைவிடச் சற்றே பெரிய மொட்டுகள் வந்ததோடு சரி. விதைப் பொட்டலத்தின் முகப்பில் பூவின் படம் பெரிதாக இருந்ததே தவிர, செடி கிளைக்குமா கிளைக்காதா என்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கட்டுரை சொல்லும் இன்னொரு யோசனை, பூத்து முடிந்த செடியின் விதையை எடுத்து வைத்து மறு ஆண்டு அதே நிறத்தைப் பெறலாம் என்பது. இதையும் சற்றுத் திருத்திச் சொல்ல வேண்டும். தோட்டச் சூரியகாந்தியின் சிவப்பு, நூறு ஆண்டுகளுக்குச் சற்றே மேற்பட்ட வரலாறு உடையது. 1910-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வில்மாட் காக்கரெல் என்ற பெண்மணி, இதழில் செம்மை படர்ந்த ஒரு காட்டுச் செடியைச் சாலையோரத்தில் கண்டெடுக்க, அதைப் பயிர்ச் சூரியகாந்தியுடன் இனக்கலப்புச் செய்துதான் சிவப்பு ரகங்கள் உருவாயின. மஞ்சளுக்குக் காரணமான கரோட்டினாய்டின் மேல் ஆந்தோசயனின் என்ற செந்நிறமி படியும்போது நமக்குச் செம்பழுப்பும் செங்காவியும் கிடைக்கின்றன. அருகருகே பல நிறங்களை நட்டால் தேனீக்கள் மகரந்தத்தைக் கலந்துவிடும் என்பதால், அந்த விதையிலிருந்து வரும் செடி தாய்ச்செடியைப் போலவே பூக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வீரிய ஒட்டு ரகங்களாக இருந்தால், அருகில் வேறு நிறம் இல்லாவிட்டாலும் அடுத்த தலைமுறை மாறிப்போகும். எனக்கு அந்தக் கலப்பட வாரிசுகளும் பிடிக்கும். ஆனால் குறிப்பிட்ட நிறம்தான் வேண்டும் என்பவர்கள் புது விதை வாங்குவதே நல்லது.

மேசையில் மஞ்சள் பொடி உதிராத, மகரந்தமில்லாத ரகங்களைக் கட்டுரை புகழ்ந்திருப்பது நியாயமே. அவற்றிலும் தேன் சுரப்பதால் தேனீக்கள் வரவே செய்யும். இருந்தாலும் குஞ்சுகளுக்கு ஊட்ட அவற்றுக்கு மகரந்தம் வேண்டும்; மேலும், மகரந்தமுள்ள செடி ஒன்றாவது பக்கத்தில் இல்லாவிட்டால் நடுத்தட்டில் பதர்தான் மிஞ்சும். ஆகவே ஒரு மூலையிலாவது பழைய வகைச் செடிகளுக்கு இடம் விடுவது நல்லது.

பறிக்கும் பருவம் பற்றி அரை வரியோடு கட்டுரை நிறுத்திக்கொண்டது எனக்குக் குறையாகவே படுகிறது. குவளைக்கு என்றால், பூ முழுதாக விரியும்வரை காத்திருக்கக் கூடாது. நடுத்தட்டின் மேல் கவிந்திருக்கும் இதழ்களில் இரண்டு மூன்று மட்டும் மேலெழுந்து நிற்கிற விடியற்காலையில் தண்டைச் சாய்வாக வெட்டி, நீரில் மூழ்கும் இலைகளையெல்லாம் உருவிவிட்டு உடனே தண்ணீரில் வைத்தால், வீட்டுக்குள்ளேயே மலர்ந்து ஒரு வாரத்திற்குக் குறையாமல் நிற்கும். விதைக்கு என்றால், பூவின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். பச்சை மறைந்து மஞ்சளாகி, பழுப்பு ஏறத் தொடங்கியதும், ஓரடித் தண்டோடு வெட்டி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். அதற்குள் கிளிகளும் அணில்களும் முந்திக்கொள்ளும் என்பதால், இதழ் உதிர்ந்த உடனேயே மெல்லிய துணிப்பையால் மூடிவிடுவது என் வழக்கம். நன்றாகக் காய்ந்த பின் உள்ளங்கையால் தேய்த்தாலே விதைகள் பொலபொலவென்று உதிரும்.

கடைசியாக ஒன்று. பூக்கள் நாள் முழுவதும் சூரியனோடு திரும்பும் என்ற வரியும் பாதி உண்மைதான். மொட்டும் இளஞ்செடியும்தான் அப்படித் திரும்பும், முதிர்ந்து விரிந்த பூ பெரும்பாலும் கிழக்கு நோக்கியே நின்றுவிடும். வீட்டுக்குக் கிழக்கே நட்டுவிட்டு, சன்னலிலிருந்து பூக்களின் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பவர்களில் நானும் ஒருவன்.

அடுத்த இணைப்பில் நுனி கிள்ளுவது பற்றிய திருத்தத்தையாவது வெளியிடுமாறும், இனி ரகங்களைப் பரிந்துரைக்கும்போது அவை கிளைக்குமா, மகரந்தம் உள்ளவையா என்ற இரண்டு விவரங்களையும் பெயரோடு சேர்த்து அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்