பாப்பாவுக்கு, டயர் விஷயமாக

அன்புள்ள பாப்பா,

நீ அனுப்பிய போட்டோ எல்லாம் வந்து சேர்ந்தது. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் வாயைத் திறந்ததும் உன் அம்மா வந்து சாப்பிட்டாயா தூங்கினாயா என்று போனைப் பிடுங்கிக்கொள்வாள், அவள் முடிப்பதற்குள் கரண்டு போய்விடும், கூடவே நெட்டும் போய்விடும். அதனால் எழுதுகிறேன். கரண்டு இருக்கிற நேரம் கம்ப்ரசரை ஓட்டிக்கொண்டு, இல்லாத நேரத்தில் எழுதுவதால் அங்கும் இங்குமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

எல்லாக் காலத்துக்கும் ஒரே டயர் என்று விற்கிற ஆல் சீசனே பனிக்காலத்துக்கும் போதுமா என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆல் சீசன் போதாது. டோக்கியோவில் இருந்தால் போதும் என்பேன், ஒசாகா என்றாலும் போதும் என்பேன், அங்கெல்லாம் என்றைக்கோ ஒரு நாள் பனி விழும், விழுந்த அன்று வண்டியை எடுக்காமல் ரயிலில் போய்விடலாம். நீ இருப்பது வடக்கே ஹொக்கைடோவில், அசாஹிகாவா. ஜப்பானில் பதிவான குளிரிலேயே பெரிய குளிர் உன் ஊரில்தான், 1902 ஜனவரி 25-ல் மைனஸ் 41 டிகிரி. உனக்கு அங்கே வேலை கிடைத்த அன்றே தேடிப் பார்த்துவிட்டேன், உன் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. அந்த ஊருக்கு ஸ்டட்லெஸ்தான், இரும்பு ஆணி இல்லாமல் ரப்பராலேயே ஐஸைப் பிடிக்கிற குளிர்கால டயர். நாலும் ஸ்டட்லெஸ்.

முதல் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 225/60 ஆர் 17, சரி, அந்த மாதிரி எஸ்யூவிக்கு வழக்கமான அளவுதான். கடைசி நாலு எண் 3819, அப்படியென்றால் 2019-ஆம் வருஷம் 38-ஆவது வாரம் செய்த டயர். பட்டன் (டயரில் தரையைப் பிடிக்கிற ரப்பர் கட்டைகள்) நிறைய இருக்கிறதே அப்பா என்று எழுதியிருந்தாய். பட்டன் இருக்கிறது, ரப்பர் செத்துப்போயிருக்கும். கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார், ரப்பர் கொஞ்சமும் அமுங்காது. அப்புறம் பக்கவாட்டில் எம் பிளஸ் எஸ் என்று மட்டும்தான் போட்டிருக்கிறது. அது சேறும் பனியும் தாங்கும் என்று டயர் செய்தவனே சொல்லிக்கொள்வது, யாரும் சோதித்துக் கொடுத்ததில்லை. மூன்று சிகரம் வைத்த மலைக்குள் பனிப்பூ படம் இருந்தால்தான் சோதனையில் தேறிய டயர். உன்னுடையதில் அது இல்லை. இருந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அந்தச் சோதனை பனியில் செய்வது, ஐஸில் செய்வது இல்லை. உன் ஊரில் ஆளை விழுத்தாட்டுவது ஐஸ்.

உனக்கு இது சிரிப்பாக இருக்கும். பனியைக் கண்ணால் பார்க்காத மனுஷன், ரங்கூன் வெயிலில் பஞ்சர் ஒட்டுகிறவன், ஐஸைப் பற்றி எழுதுகிறான் என்று. ஆனால் ஸ்டட்லெஸ் டயரை நான் உன்னைவிட அதிகம் பார்த்திருக்கிறேன். 2012 வாக்கில் ஜப்பான் பழைய வண்டிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினபோது பாதி வண்டியில் அதுதான் மாட்டி வந்தது. டாக்சிக்காரர்கள் டொயோட்டா ப்ரோபாக்ஸ் வாங்கி அப்படியே ஓட்டுவார்கள், பார்க்கப் புது டயர் மாதிரி ஆழமாக இருக்கும், நம் ஊர் சித்திரை வெயிலில் ரப்பர் களிமண்ணாக இளகி ஒரே கோடையில் வழித்துக்கொண்டு போய்விடும், மழை ரோட்டில் பிரேக் அடித்தால் நழுவிக்கொண்டே போகும். நானே எத்தனை பேரிடம் கழற்றிப் போடுங்கள் என்று சண்டை போட்டிருக்கிறேன், நீ கடையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிற வயசில் கேட்டிருப்பாய். அப்படிக் கழற்றிய ஒரு பிளிசாக்கை, பிரிட்ஜ்ஸ்டோன்காரனுடைய ஸ்டட்லெஸ், வெட்டிப் பார்த்தேன். ஆப்பத்து ஓட்டை மாதிரி ரப்பர் முழுக்கப் பொடிப்பொடியாக ஓட்டை. அது எதற்கு என்று அப்போது புரியவில்லை. ஐஸ் வழுக்குவது மேலே படிகிற மெல்லிய தண்ணீரால், அந்தத் தண்ணீரை இந்த ஓட்டைகள் உறிஞ்சிக்கொண்டால் ரப்பர் ஐஸைப் பிடிக்கும். ரப்பரும் குளிரில் விறைக்காமல் இருக்கும். சாதா டயர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே விறைக்க ஆரம்பித்துவிடும்.

முன்பெல்லாம் அங்கே இரும்பு ஆணி வைத்த டயர்தானாம். அது ரோட்டைச் சுரண்டி ஊரெல்லாம் தூசியாகி, ஜனங்களுக்கு மூச்சுக்கோளாறு வந்து, 1990-ல் சட்டம் போட்டு நிறுத்தியிருக்கிறார்கள். ஆணி போனதும் டயர்கள் பனியைப் பாலிஷ் போட்டுக் கண்ணாடியாக்கிவிட்டன. சிக்னலில் வண்டிகள் நின்று நின்று கிளம்புகிற இடம்தான் மோசம். மைனஸ் 20-ஐவிடப் பூஜ்யத்தை ஒட்டி இருக்கிற நாள்தான் ஆபத்து, மேலே தண்ணீர் நிற்கும். நீ நைட் டூட்டி முடித்து விடியற்காலை வருகிறவள், கண்ணில் தூக்கம் இருக்கும். இன்றைக்குக் குளிர் குறைவு என்று சந்தோஷப்பட்டு வேகமாக வராதே.

ஜாஃப் என்று அங்கே ஒரு சங்கம் உண்டே, வண்டி வழியில் நின்றால் வந்து தூக்குகிறவர்கள் (அதில் சேர்ந்துவிட்டாயா? சேர்), அவர்கள் 40 கிலோமீட்டர் வேகத்தில் வந்து ஐஸில் பிரேக் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்டட்லெஸ் 78 மீட்டர் சொச்சத்தில் நின்றது. சாதா டயர் 105. ஆல் சீசன் 101. எழுதி வைத்துக்கொள், 105-க்கும் 101-க்கும் நடுவில் இருக்கிற அந்த நாலு மீட்டரைத்தான் ஆல் சீசன் என்று பெயர் வைத்து விற்கிறான். பனியில் அவ்வளவு மோசமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன், கெட்டித்த பனியில் ஸ்டட்லெஸ் 17, ஆல் சீசன் 23, சாதா 30 என்று வந்திருக்கிறது. ஆனால் ஐஸில் நூறு மீட்டர், பாப்பா. மோல்மீன் சித்தப்பாவுக்கு நடந்ததை நான் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் பிரேக் பிடித்த வண்டிதான்.

மூன்றாவது போட்டோவுக்கு வருகிறேன். பள்ளத்தில் நூறு யென் காசைச் செருகி ஆழம் காட்டுகிற போட்டோ. காசைப் பிடித்திருக்கிற கட்டைவிரல் அகலமாக இருக்கிறது, நகத்தோரம் பழைய வெட்டுத் தழும்பு, மணிக்கட்டில் கறுப்பு வார் வைத்த வாட்ச். போட்டோ ஓரத்தில் மங்கலாகத் தெரிகிறது உன் விரல். நான் ஒன்றும் கேட்கவில்லை. காசு வைத்து ஆழம் பார்க்கத் தெரிந்த கை, அவ்வளவுதான். ஒரே இடத்தில் பார்த்தால் போதாது என்று மட்டும் சொல், உள் ஓரம், நடு, வெளி ஓரம் என்று மூன்று இடத்திலும் செருகிப் பார்க்க வேண்டும்.

உன் அம்மா அந்த போட்டோவை என் போனில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். டயர் நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் டயரைப் பற்றி அபிப்பிராயம் சொன்னது இதுதான் முதல் தடவை. அவளுக்கு ஏற்கெனவே தெரியும் போலிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை அவளிடம் மட்டும் ஒரு மணி நேரம் பேசுகிறாயே, அப்பாவுக்குக் குடு என்று எப்போதாவது சொல்லியிருக்கிறாயா? டயர் என்றால்தான் அப்பா ஞாபகம் வருகிறது. சரி, அதாவது வந்ததே.

ஆல் சீசன் போதும் என்று உனக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள், நீயாக யோசித்த மாதிரி இல்லை. யாராக இருந்தாலும் அவர் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர் இல்லை. அங்கே பிறந்தவர் இதை ஒரு கேள்வியாகவே எடுத்துக்கொள்ள மாட்டார், அக்டோபர் கடைசியில் பேசாமல் போய் மாற்றிவிட்டு வருவார். தெற்கே எங்கிருந்தோ வந்தவர், இல்லாவிட்டால் நம் பக்கத்து ஆள். நம் பக்கத்து ஆள் என்றால்... சரி, அதை விடு.

டன்லப் 2024 அக்டோபரில் சிங்க்ரோ வெதர் என்று ஒன்று விட்டிருக்கிறான், தண்ணீர் பட்டாலும் குளிர் பட்டாலும் ரப்பரே இளகுகிற மாதிரி, ஐஸுக்கும் முத்திரை வாங்கியிருக்கிறான். அதைக் காட்டி யாராவது வாதாடினால் வாதாடட்டும். நல்ல சரக்காகவே இருக்கலாம், ஆனால் புதுச் சரக்கு. இன்னும் நாலு குளிர்காலம் மற்றவர்கள் ஓட்டிப் பார்க்கட்டும், என் பிள்ளையை வைத்துச் சோதிக்க வேண்டாம்.

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்று பெருமையாக எழுதியிருந்தாய். எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஜப்பான்காரன் பாஷையில் பரீட்சை எழுதி லைசென்ஸ் எடுத்தவள் நம் குடும்பத்தில் வேறு யார் இருக்கிறார்கள், கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் உன் போட்டோவைக் காட்டிவிட்டேன். ஆனால் அந்த நாலு சக்கர இழுவை கிளம்பத்தான் உதவும், பனியில் புதைந்தால் வெளியே வர உதவும். நிற்கும்போது எல்லா வண்டியும் நாலு சக்கரத்தில்தான் நிற்கிறது. உன்னுடையது ஒன்றரை டன், சின்ன வண்டியைவிட அதற்குத்தான் நல்ல டயர் வேண்டும். ஒற்றை ஆளுக்கு ஐந்து பேர் உட்காருகிற வண்டி எதற்கு என்று உன் அம்மாவிடம் கேட்டேன், பனி ஊரில் உயரமான வண்டி நல்லதாம் என்றாள். அவளுக்கு எல்லாம் தெரிகிறது.

காசு மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டு மட்டும் மாற்றுவதாக யோசிக்காதே. முன்பக்கம் பிடித்து பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிக்கொண்டு போகும். நாலும் மாற்று. செலவு இரட்டிப்பு என்று நினைக்கிறாய், அப்படி இல்லை, இது ஓடும்போது அது சும்மா இருக்கும், இரண்டு செட்டுமே அதிக நாள் வரும். வருஷத்துக்கு இரண்டு தடவை கழற்றி மாட்டுகிற கூலி, மாடி வீட்டில் வைக்க இடம் இல்லை என்றால் கடைக்காரனிடம் வைத்திருக்கிற வாடகை, அவ்வளவுதான் கூடுதல். பனி ரோட்டில் சாதா டயரில் பிடிபட்டால் 6000 யென் அபராதம் வேறு.

பழைய ஸ்டட்லெஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது கூட்டிக்கொண்டு போனால் போகாதே. அவர்கள் கழித்துக் கட்டியதை விற்றே வயிறு வளர்த்தவன் நான், எனக்குத் தெரியும். பாதி தேய்ந்தால் தெரிகிற மாதிரி பள்ளத்துக்குள் ஒரு மேடு வைத்திருப்பான், பட்டன் அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் அது ஸ்டட்லெஸ் கணக்கில் சேராது. ஆழம் இருந்தாலும் வருஷம் பார். புதுசாக வாங்கு, நாலும் புதுசு.

இந்த மாசம் பணம் அனுப்ப வேண்டாம். அடுத்த மாசமும் வேண்டாம். கடை ஓடுகிறது. டீசல் விலைதான் கொஞ்சம் இடிக்கிறது, சமாளிக்கிறேன். தம்பி நலமாக இருக்கிறான், அவன் விஷயம் இதில் வேண்டாம். நீ அனுப்புகிற பணத்தில் உன் அம்மா நகைச்சீட்டு கட்டிக்கொண்டிருக்கிறாள், உனக்காகத்தான், எதற்கு என்று உனக்கே தெரியும். அதையும் நிறுத்தினால் ஒன்றும் குடி முழுகிவிடாது. டயர் முதலில்.

மாட்டியதும் நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நட்டுகளை ஒரு தடவை இறுக்கிப் பார்க்க வேண்டும். கடைக்காரன் சொல்லுவான், நீ மறந்துவிடுவாய். குளிர் 10 டிகிரி இறங்கினால் காற்று ஒன்றரை இரண்டு பவுண்டு இறங்கிவிடும், மாசம் ஒரு தடவை விடியற்காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பார். முன் வண்டிக்கும் உனக்கும் நடுவில் இடம் விடு, பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்தால் அடிக்கட்டும்.

வண்டி இங்கே இருந்திருந்தால் பீலிக்கான் முனீஸ்வரரிடம் ஓட்டிக்கொண்டு போய்ப் பூசை போட்டிருப்போம். உன் அம்மா வேண்டிக்கொண்டிருக்கிறாள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்கிறாள். அங்கே பழம் என்ன விலையோ, ஒன்றாவது வை. கூட யாராவது இருந்தால் அவரையும் சாமி கும்பிடச் சொல், எந்தச் சாமியாக இருந்தாலும் பரவாயில்லை என்று அம்மா எழுதச் சொன்னாள். நான் எழுதிவிட்டேன். அது அவள் சொன்னது.

அக்டோபர் நடுவில் கடைக்குப் போய் நாள் சொல்லி வைத்துவிடு, முதல் பனி விழுந்த பிறகு போனால் கூட்டம் அலைமோதும். பணம் கட்டும் முன் நாலு டயரிலும் அந்த நாலு எண்ணைப் போட்டோ எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கட்டு. பில்லை உன் பெயரில் போடச் சொல். வண்டி யார் பெயரில் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. டயர் உன் பெயரில் இருக்கட்டும்.

அப்பா