முதல் டிரையத்லானுக்கு நீச்சல் ஒரு நாள் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாற்பதைத் தாண்டியவர்கள் முதன்முறையாக ஸ்பிரிண்ட் டிரையத்லானில் இறங்குவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ஒரே போட்டியில் அடுத்தடுத்து 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம்: இந்த வயதில் எட்டக்கூடிய தூரம்தான். ஆனால் கட்டுரையோடு வந்த 12 வார அட்டவணையில் சைக்கிளுக்கு மூன்று நாள், ஓட்டத்துக்கு மூன்று நாள், நீச்சலுக்கு ஒரே நாள். அதுவும் நீச்சல் குளத்தில் மட்டும். ஓய்வு நாள் என்று ஒன்றே இல்லை. பயிற்சியாளர் என்ற முறையில் இதை மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அமெரிக்க டிரையத்லான்களில் 1985 முதல் 2016 வரை நேர்ந்த மரணங்களையும் இதய நிறுத்தங்களையும் தொகுத்த ஆய்வு 2017இல் வெளியானது. மொத்தம் 135 பேர்; அதில் 90 பேருக்கு அது நேர்ந்தது நீச்சலின்போது. சராசரி வயது 47. நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். லட்சம் பேரில் இரண்டு பேருக்கும் குறைவு என்பதால் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் அட்டவணை எந்த வயதினருக்காகப் போடப்பட்டதோ, அதே வயதினர்தான் இவர்கள். பிரேதப் பரிசோதனை நடந்தவர்களில் கணிசமானோருக்கு இதயக் கோளாறு ஏற்கெனவே இருந்திருக்கிறது. ஆகவே முதல் வாரத்துக்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். குடும்பத்தில் இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

25 மீட்டர் குளத்தில் 750 மீட்டர் என்பது 30 நீளம். இடையில் 29 முறை சுவரை உதைத்துத் தள்ளுகிறோம். ஒவ்வொரு உதையிலும் சில மீட்டர் இலவசமாகக் கிடைக்கிறது, கூடவே ஒரு நொடி ஆசுவாசமும். ஏரியிலோ கடலிலோ சுவர் கிடையாது. அடியில் கோடும் கிடையாது. கலங்கிய நீரில் நீட்டிய கையே தெரியாது. நீர் குளிர்ந்திருந்தால் இறங்கியதும் உடம்பு தானாகவே விக்கி விக்கி மூச்சை இழுக்கும். அடங்க ஒன்றிரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் பக்கத்தில் நீந்துபவரின் கால் முகத்தில் படும். உடனே மூச்சை அடக்கிக்கொண்டு கையை வேகமாகப் போடத் தோன்றும். தவறு இங்கேதான் நடக்கிறது. மூச்சு முட்டுவது போன்ற உணர்வு பெரும்பாலும் காற்று போதாமல் வருவதல்ல. வெளியே விடாத கரியமில வாயு சேர்வதால் வருவது. இன்னும் இழுத்தால் இன்னும் முட்டும்.

இதைப் பழக்கத்தால் வெல்லலாம். குளத்திலேயே, சுவரைத் தொடாமல் இரண்டு மீட்டர் முன்னாலேயே திரும்பி 200 மீட்டர் நீந்திப் பாருங்கள். சுவர் எவ்வளவு தாங்கியிருக்கிறது என்று புரியும். ஒரே நீச்சல் தடத்தில் மூன்று பேர் பக்கம் பக்கமாக நீந்திப் பழக வேண்டும். ஆறேழு கை வீச்சுக்கு ஒரு முறை, கண் மட்டும் நீர்மட்டத்துக்கு மேலே வரும்படி முன்னால் பார்த்துவிட்டு, உடனே பக்கவாட்டில் திரும்பி மூச்சை எடுக்க வேண்டும். தலையை முழுதாகத் தூக்கினால் இடுப்பும் காலும் அமிழ்ந்து வேகம் செத்துவிடும். திறந்த நீரில் குறைந்தது நான்கு முறையாவது, உயிர்காப்பாளர் இருக்கும் இடத்தில், துணையோடு நீந்தியிருக்க வேண்டும்.

போட்டி நாளில் அனுமதித்தால் பத்து நிமிடம் முன்பே நீரில் இறங்கி, முகத்தை அமிழ்த்தி, குமிழ் விட்டு விட்டு மூச்சை முழுதாக வெளியேற்றுங்கள். நீச்சல் கண்ணாடியின் பட்டை தொப்பிக்கு அடியில் இருக்கட்டும். யார் கை பட்டாலும் கழன்று போகாது. கூட்டத்தின் கடைசியில், ஓரமாகக் கிளம்புங்கள். பத்து விநாடி பிந்துவதால் எதுவும் குறைந்துவிடாது. பதற்றம் வந்தால் மல்லாந்து மிதக்கலாம், தவளை நீச்சலுக்கு மாறலாம். எந்தப் பாணியும் செல்லும். பாதுகாப்புப் படகைப் பிடித்துக்கொண்டு இளைப்பாறவும் விதி இடம் தருகிறது, படகு உங்களை முன்னே இழுக்காதவரை. இது தெரியாததால் தகுதி போய்விடும் என்று அஞ்சி, கை உயர்த்தாமல் தவிப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டுரையில் இந்த ஒரு விதியாவது வந்திருக்க வேண்டும். நெஞ்சு இறுகினாலோ, இருமலில் நுரை வந்தாலோ அங்கேயே நிறுத்திக் கை தூக்குங்கள்.

வெட்சூட், அதாவது குளிரைத் தாங்கவும் மிதக்கவும் உதவும் ரப்பர் நீச்சல் உடை பற்றிக் கட்டுரை சொன்னது முழுமையானதல்ல. உலக டிரையத்லான் அமைப்பின் விதிப்படி, வயதுப் பிரிவினருக்கு (தொழில்முறை வீரர் அல்லாதவர்களுக்கு) இந்தத் தூரத்தில் நீர் 22 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வெட்சூட் கூடாது. அதை நம்பியே பயிற்சி செய்தவர் அன்றைக்குத் திண்டாடிப் போவார்.

கரையில் கை தரையைத் தொடும்வரை நீந்திவிட்டு, பிறகு எழுங்கள். படுத்த நிலையிலிருந்து சட்டென்று நின்றால் ரத்தம் காலுக்கு இறங்கித் தலை சுற்றும். அடுத்தது சைக்கிள் நிறுத்தியிருக்கும் மாறுமிடம். நீர்ப்பக்க வாசலிலிருந்து எத்தனையாவது வரிசை என்று காலையிலேயே எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு நடுவில் சொந்த சைக்கிள் கண்ணில் படாது. ஹெல்மெட்டை ஹேண்டில்பார் மேல் கவிழ்க்காமல் மல்லாத்தி, வார்கள் இரண்டும் வெளியே தொங்கும்படி, அதற்குள் வெயில் கண்ணாடியை வையுங்கள். ஈரக் கையோடு முதலில் ஹெல்மெட், கொக்கி, அதன் பிறகே சைக்கிளைத் தொடலாம். முடிவில் சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பிறகே கொக்கியைக் கழற்ற வேண்டும். கியரை முதல் நாளே இலகுவானதில் வைத்துவிடுங்கள்; கனத்த கியரில் ஏற முயன்று, சைக்கிளில் ஏறும் இடத்தைக் குறிக்கும் கோட்டருகே விழுபவர்கள் அதிகம்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, கட்டுரை நன்றாகவே சொல்லிவிட்டது. ஒன்று மட்டும்: ஹேண்டில்பாரின் இரு முனைகளிலும் மூடி இருக்க வேண்டும். திறந்த குழாய் முனை, விழும்போது சதையை வட்டமாக வெட்டிவிடும். சோதனையில் சைக்கிளை நிராகரிக்க இதுவே போதும்.

சைக்கிளிலிருந்து இறங்கியதும் கால் மரக்கட்டைபோல் இருக்கும். கடைசி ஒரு கிலோமீட்டரில் கியரைக் குறைத்து, பெடலை வேகமாகச் சுற்றினால் கொஞ்சம் தளரும். வாரம் ஒரு முறை, 40 நிமிட சைக்கிளுக்குப் பின் உடனே 10 நிமிடம் ஓடிப் பழகினால் ஆறு வாரத்தில் அந்த உணர்வு பழகிவிடும். உங்கள் அட்டவணையில் இரண்டும் வெவ்வேறு நாளில் இருப்பதால் இந்தப் பழக்கத்துக்கே வழியில்லை. ஐந்து கிலோமீட்டரில் முதல் கிலோமீட்டரை வேண்டுமென்றே மெதுவாக ஓட வேண்டும். இந்த வயதில் கெண்டைக்கால் தசை பிடிப்பதும் குதிகால் தசைநாண் இழுப்பதும் அங்கேதான்.

அட்டவணையை மறுபடி வெளியிடுவதாக இருந்தால் நீச்சலுக்கு மூன்று நாள், சைக்கிளுக்கு இரண்டு, ஓட்டத்துக்கு இரண்டு என்று மாற்றிப் போடுங்கள். ஓட்டத்தில் ஒன்றை சைக்கிள் நாளோடு சேர்த்துவிட்டால் ஒரு நாள் முழு ஓய்வுக்குக் கிடைக்கும்.

இப்படிக்கு,
டிரையத்லான் பயிற்சியாளர் ஒருவர்